கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்: இலங்கை வரைபடத்தை ஏற்றிய பிறகு

கொழும்பில் பலர் கையில் இருக்கும் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் என்ற கையடக்க ஜிபிஎஸ் கருவி, கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் வரும்போது வாங்கி வந்தது. பெட்டியைப் பிரித்து, இரண்டு பற்றரி போட்டு, வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் பிடித்தால் செயற்கைக்கோள்களைத் தடையில்லாமல் பிடிக்கும். ஆனால் திரையில் ஒரு கரையோரக் கோடும் இரண்டு மூன்று பெருந்தெருக்களும் தவிர வேறொன்றும் இராது. கருவியில் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்க்க வேண்டாம். கார்மின் இதில் ஏற்றி அனுப்பும் டோப்போஆக்டிவ் வரைபடம் விற்கப்படும் பிரதேசத்துக்கானது. ஐரோப்பாவில் வாங்கியதில் ஐரோப்பா, அமெரிக்காவில் வாங்கியதில் வட அமெரிக்கா. இலங்கைக்கு வந்து சேரும்போது அதில் மிஞ்சுவது உலகம் முழுவதற்குமான மேலோட்டமான அடிப்படை வரைபடம் மட்டும்தான். ஆகவே இந்தக் கருவியை மதிப்பிடுவதென்றால், அதில் இலங்கை வரைபடத்தை ஏற்றி, புதுப்பித்து, ஒழுங்காக வைத்திருக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் கருவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019இல் வந்த மாடல். 2.2 அங்குலத் திரை, 240க்கு 320 புள்ளிகள், 8 ஜிபி உள் நினைவகம், மைக்ரோ எஸ்டி கார்ட் போட இடம், ஜிபிஎஸ்சுடன் ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும். இரண்டு ஏஏ பற்றரியில் 25 மணித்தியாலம் ஓடும் என்கிறது நிறுவனம். உச்சி வெயிலில் காலிமுகத்திடலில் நின்றாலும் பின்விளக்கு இல்லாமல் திரையை வாசிக்கலாம். தொலைபேசியால் முடியாத வேலை இது. தொடுதிரை கிடையாது, சின்ன ஜோய்ஸ்டிக் ஒன்றால்தான் எல்லாமே. அதனால் மழையிலும் சேற்றுக் கையாலும் இயக்கலாம், ஆனால் ஓர் இடத்தின் பெயரை அதில் எழுத்து எழுத்தாகத் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும். பெயரிடும் வேலையைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு உணரிகள்: மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும். 22எக்ஸில் அவை இல்லாததால், நீங்கள் நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும். ஓர் இடத்தில் நின்றபடி கருவியைச் சுழற்றினால் வரைபடம் கூடவே சுழலாது. நக்கிள்ஸ் மலைத்தொடரிலோ ஹோர்ட்டன் சமவெளியிலோ மூடுபனியில் நின்று வழி பார்க்கிறவர்கள் 32எக்ஸ் எடுப்பதே நல்லது. வயல், தோட்டம், கிணறு, மின்கம்பம் என்று இடம் குறிக்கிற களப்பணியாளருக்கு 22எக்ஸ் தாராளம்.

சரி, வரைபடம். கார்மின் கருவிகள் வாசிப்பது ஐஎம்ஜி என்ற வகைக் கோப்பு. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து இலங்கைக்கான ஐஎம்ஜி கோப்பை இலவசமாகவே எடுக்கலாம். ஓப்பன்டோப்போமேப் தரும் பதிப்பு மலைப்பகுதிக்கு நன்று. சமவுயரக் கோடுகள் அதில் தனிக் கோப்பாக வரும், வேண்டாதபோது அணைத்து வைக்கலாம். பிபிபைக் தளத்தில் நீங்களே ஒரு சதுரத்தை வரைந்து, அந்தப் பகுதிக்கு மட்டும் கோப்பு கேட்கலாம். தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். அங்கே லத்தீன்1, யூடிஎஃப்8 என இரண்டு எழுத்துமுறைகள் இருக்கும். லத்தீன்1 எடுங்கள். காரணம் கீழே.

கார்ட் விஷயத்தில் கவனம் தேவை. இந்தக் கருவி ஏற்பது 32 ஜிபி வரைதான், அதுவும் ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்தது. இப்போது கடைகளில் முன்னால் வைத்து விற்பது 64, 128 ஜிபி கார்ட்கள். அவை எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன, கருவி அவற்றைக் கண்டுகொள்ளாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் 16 அல்லது 32 ஜிபி என்று குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள். இலங்கை முழுவதற்கும் 1 ஜிபி கூடத் தேவைப்படாது என்பதால் பெரிய கார்டால் ஒரு பயனும் இல்லை. எங்கே வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளால் ஒருமுறை முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள். போலி கார்ட் முதல் சில ஜிபிக்கு ஒழுங்காக நடந்துகொண்டு, பிறகு எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும். வரைபடத்தில் ஒரு மாவட்டம் மட்டும் வெறுமையாகத் தெரிந்தால் சந்தேகிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

கார்டின் மேல்மட்டத்தில் ஆங்கிலத்தில் கார்மின் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஐஎம்ஜி கோப்பை அதற்குள் போடுங்கள். பழைய கருவிகள் ஜிமேப்சப் என்ற ஒரே பெயரில் உள்ள கோப்பை மட்டும்தான் வாசிக்கும். 22எக்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்தப் பெயரும் வைக்கலாம். ஆகவே நாட்டின் பெயரையும் பதிவிறக்கிய ஆண்டு, மாதத்தையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ஆறு மாதம் கழித்து மூன்று கோப்புகள் சேர்ந்திருக்கும்போது எது புதியது என்று தேடத் தேவையிராது.

கார்ட் போடும் இடம் பற்றரிகளுக்கு அடியில் இருக்கிறது. மெல்லிய உலோக மூடி ஒன்று. அதை இடப்பக்கம் தள்ளினால் பூட்டு விடும், பிறகு மேலே தூக்கலாம். கார்டின் பொன்னிறப் பக்கம் கீழே பார்க்க வைத்து, மூடியைப் படுத்தி, வலப்பக்கம் தள்ளிப் பூட்ட வேண்டும். இந்த மூடியின் கீல் வலுவானது அல்ல. அடிக்கடி திறந்தால் தளர்ந்துவிடும், பிறகு கருவி குலுங்கும்போதெல்லாம் வரைபடம் மறைந்து மறைந்து வரும். ஒருமுறை போட்டால் போட்டபடியே விட்டுவிட்டு, புதுப்பிப்பதை யூஎஸ்பி வழியாகச் செய்யுங்கள். கணினியில் செருகியதும் உள் நினைவகமும் கார்டும் இரண்டு தனி ட்ரைவ்களாகத் தெரியும். எழுதும் வேகம் குறைவுதான், ஆனால் இலங்கைக் கோப்பின் அளவுக்கு அது பெரிய பொருட்டல்ல.

வயர் ஒரு தொல்லை. இந்தக் கருவி இன்னும் மினி யூஎஸ்பி. மைக்ரோவும் டைப் சியும் எங்கும் கிடைக்கிற காலத்தில் மினி வயரை, பழைய கெமரா உபகரணம் விற்கிற கடைகளில் தேடவேண்டி வரும். கிடைப்பதிலும் சில மின்சாரம் மட்டும் கடத்துபவை. கருவியில் வெளிச்சம் வரும், கணினியில் ட்ரைவ் வராது. கணினியையும் ட்ரைவரையும் குறை சொல்வதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

வரைபடத்தை உள் நினைவகத்தில் வைக்காமல் கார்டில் வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. கோப்பு பாதியில் சிதைந்திருந்தால் கருவி தொடங்கும்போதே, வரைபடங்களை ஏற்றும் கட்டத்தில் உறைந்து நின்றுவிடும். கார்டில் இருந்தால் பற்றரியை எடுத்து, கார்டைக் கழற்றினால் கருவி உயிர் பெறும். உள் நினைவகத்தில் இருந்தால், ஜோய்ஸ்டிக்கை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே கணினியில் செருகி, ட்ரைவ் தோன்றும் வரை விடாமல் வைத்திருந்து, கோப்பை அழிக்க வேண்டும். வழி இருக்கிறது, ஆனால் காட்டுக்குள் வைத்துச் செய்யக்கூடிய வழி அல்ல.

ஏற்றிய பின் செட்டப் மெனுவின் மேப் பகுதிக்குள் போய், வரைபடப் பட்டியலில் இலங்கையை மட்டும் இயக்கி, டோப்போஆக்டிவ் முதலான மற்றவற்றை அணைத்துவிடுங்கள். ஒரே பகுதிக்கு இரண்டு தெரு வரைபடங்கள் இயங்கினால் ஒன்று மற்றதை மறைக்கும். எதிலிருந்து வழி கணிக்கப்படுகிறது என்பதும் குழம்பும். சமவுயரக் கோட்டுக் கோப்பு ஒளிபுகும் வகை, அதைச் சேர்த்தே இயக்கலாம்.

கோப்பு எவ்வளவு புதியது என்று பார்க்கக் கொழும்பிலேயே நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. காலிமுகத்திடலுக்கு வடமேற்கே துறைமுக நகரம்: 269 ஹெக்டேயர் கடல் நிரப்பிய நிலம். அங்கே வெறும் நீலம் தெரிந்தால் பழைய வரைபடம். 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தையும் பாருங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகம முதல் குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது இல்லாத கோப்போடு வடக்கே புறப்பட வேண்டாம்.

இனி எழுத்துமுறை. தமிழ் வாசகருக்கு இந்தக் கருவியின் பெரிய குறை இதுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்குப் பொதுப்பெயர் ஒரு புலத்திலும், தமிழ், சிங்கள, ஆங்கிலப் பெயர்கள் தனித்தனிப் புலங்களிலும் இருக்கலாம். தமிழ்ப் பெயரைத் தமிழெழுத்தில் இந்தத் திரையில் காட்ட முடியாது. யூனிகோட் (அதாவது யூடிஎஃப்8) கோப்பை ஏற்றினால் புதிய கார்மின் கருவிகள் பல வரைபடத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி காட்டிவிட்டு, வரைபடத்தையே ஒதுக்கிவிடும். லத்தீன்1 எடுக்கச் சொன்னது இதனால்தான். அதில் ஆங்கிலப் பெயர் உள்ள இடங்கள் சரியாக வரும். பொதுப்பெயர் சிங்களத்திலோ தமிழிலோ மட்டும் உள்ள இடங்கள் இயந்திர ஒலிபெயர்ப்பில் வரும், அதை வாசித்து ஊரை அடையாளம் காண்பது கடினம். தமிழில் பெயர் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் தொலைபேசியில் ஓஸ்ம்அண்ட் செயலியையும் கூடவே வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

இதைச் சரிக்கட்ட வேண்டுமானால் வரைபடத்தை நீங்களே தயாரிக்கலாம். ஜாவாவில் ஓடும் எம்கேஜிமேப் என்ற இலவச மென்பொருள் அதற்கு இருக்கிறது. ஜியோஃபேப்ரிக் தளம் இலங்கைக்கான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை நாள்தோறும் புதுப்பிக்கிறது. அதை எடுத்து, ஸ்ப்ளிட்டர் என்ற துணைக் கருவியால் துண்டுகளாக்கி, எம்கேஜிமேப்புக்குக் கொடுக்க வேண்டும். அதில் தவறவிடக்கூடாத அமைப்புகள் சில. பெயர்ப் புலங்களின் வரிசையில் ஆங்கிலப் பெயரை முதலிலும் பொதுப்பெயரை அடுத்தும் வையுங்கள். எழுத்துமுறை லத்தீன்1. வண்டி ஓடும் பக்கம் இடது என்று சொல்லுங்கள். சுற்றுவட்டங்களின் திசை அதைப் பொறுத்தது. வழி கணிக்க ரூட், முகவரி தேட இண்டெக்ஸ் ஆகிய இரண்டையும் இயக்க வேண்டும். முகவரி ஊர்வாரியாகப் பிரிய, நிர்வாக எல்லைகள் அடங்கிய பவுண்ட்ஸ் கோப்பு கட்டாயம் தேவை. அதில்லாமல் தேடினால் காலி வீதி எந்த ஊரில் என்று கருவிக்குத் தெரியாது.

கடல் தனிக் கதை. நாட்டுத் தரவில் கரையோரக் கோடு துண்டுபட்டிருப்பதால், அதிலிருந்தே கடலை உருவாக்கச் சொன்னால் தீவு முழுவதும் நீலமாகிவிடக்கூடும். ஆகவே முன்கூட்டியே கணித்து வைத்த கடல் கோப்பை எம்கேஜிமேப் தளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதே வழக்கம். அந்தக் கோப்பு பழையதாக இருந்தால் வேறொரு விசித்திரம் நடக்கும்: தெருத் தரவு நேற்றையது, கடல் பல வருடத்துக்கு முந்தியது. துறைமுக நகரத்து வீதிகள் அத்தனையும் கடல் நீலத்தின் மேல் வரையப்பட்டிருக்கும். தரவில் பிழையில்லை, கடல் கோப்பைப் புதுப்பித்துத் திரும்ப உருவாக்கினால் நிலம் வந்துவிடும்.

வரைபடத்தை அடையாளம் காட்டும் ஃபேமிலி ஐடி என்ற எண்ணையும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் வேறாகக் கொடுங்கள். எம்கேஜிமேப் தானாகக் கொடுப்பது 6324. தெரு வரைபடம் ஒன்று, மலைப்பாதை வரைபடம் ஒன்று என்று இரண்டு தயாரித்து இரண்டுக்கும் அதே எண்ணை விட்டால் கணினியில் ஒன்றுதான் பட்டியலில் தெரியும். துண்டுகளின் எட்டிலக்க எண்களும் மோதினால் வரைபடத்தின் நடுவே ஓட்டை விழும்.

ஊர்ப்பெயர் தவறாகவோ இல்லாமலோ இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்த்துவிடலாம். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்கும் வடக்கு, கிழக்கு ஊர்களுக்கும் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டையும் அந்தந்தப் புலத்தில் போடுகிறவர்கள் எவ்வளவு பேர் சேர்ந்தாலும் நல்லது. கூகுளிலிருந்தோ அரசாங்க வரைபடத்திலிருந்தோ நகலெடுத்துச் சேர்க்கக்கூடாது. நேரில் கண்டு தெரிந்ததைத்தான் சேர்க்க வேண்டும். இன்று திருத்தியது ஓரிரு நாளில் ஜியோஃபேப்ரிக் தரவில் வந்துவிடும்.

கணினிப் பக்கத்துக்குக் கார்மின் தரும் இலவச மென்பொருள் பேஸ்கேம்ப். இதை இப்போது நிறுவனம் வளர்ப்பதில்லை, ஆனாலும் விண்டோஸ் 11இலும் ஓடுகிறது, இடக்குறிகளையும் தடங்களையும் அடுக்கிவைக்க இன்னும் வசதியான கருவிதான். கருவியைச் செருகினால் அதிலுள்ள வரைபடத்தைப் பேஸ்கேம்ப் வாசித்துக்கொள்ளும், ஆனால் ஆமைவேகம். வரைபடத்தைக் கணினியிலேயே நிறுவுவது மேல். விண்டோஸில் ஜிமேப் என்று முடியும் ஃபோல்டரை, சி ட்ரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் கார்மின், அதற்குள் மேப்ஸ் என்ற இடத்தில் வைத்துப் பேஸ்கேம்ப்பை மூடித் திறந்தால் போதும். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், முதலில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். உங்களிடம் ஐஎம்ஜி கோப்பு மட்டும்தான் இருக்கிறதென்றால் ஜாவாவா ஜிஎம்டிகே என்ற இலவசக் கருவி அதைப் பேஸ்கேம்ப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும். புதிய பதிப்பை நிறுவிய பிறகும் திரையில் பழைய படமே தெரிந்தால் அது தேக்ககத்தின் (கேஷ்) வேலை. கண்ட்ரோலை அழுத்தியபடி ஜி எழுத்தை இரண்டு தரம் தட்டினால் தேக்ககம் காலியாகும்.

பேஸ்கேம்ப்போடு வரும் மேப்இன்ஸ்டால், வரைபடத்தைக் கணினியிலிருந்து கருவிக்கு அனுப்பும். அதைப் பயன்படுத்துமுன் கார்டில் ஏற்கெனவே ஜிமேப்சப் என்ற பெயரில் கோப்பு இருந்தால் அதன் பெயரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் மேலேயே எழுதிவிடக்கூடும். மெக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கருவியில் அழித்த கோப்பு, குப்பைக்கூடையைக் காலி செய்யும் வரை கருவியிலேயே மறைந்து கிடந்து இடத்தைப் பிடிக்கும்.

நாரஹேன்பிட்டி கிருள வீதியில் நில அளவைத் திணைக்களம் விற்கும் 1:50,000 தாள்களை இந்தத் திரையில் பார்க்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. தீவு முழுவதும் 92 தாள்கள். தாளை ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் மென்பொருளில் புவிநிலைப்படுத்தி (படத்தை நிலத்தின் உண்மையான ஆள்கூறுகளோடு பொருத்தி), துண்டுபோட்டு, கேஎம்இசட் கோப்பாக்கி, கருவியில் கார்மின் ஃபோல்டருக்குள் கஸ்டம்மேப்ஸ் என்ற இடத்தில் வைக்க வேண்டும். ஒரு துண்டு 1024க்கு 1024 புள்ளிகளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கருவி படத்தைக் குறுக்கி எழுத்தை மங்கலாக்கும். மொத்தம் 100 துண்டுகள்தான் ஏற்கும். 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி நிலத்தில் 6.35 மீட்டர், ஒரு துண்டு சுமார் 6.5 கிலோமீட்டர். ஆக 100 துண்டில் 65க்கு 65 கிலோமீட்டர் அடங்கும். ஒரு மலைப்பயணத்துக்கு அது போதுமானதே. ஜேபெக் படம் சாதாரண வகையாக இருக்க வேண்டும், புரோகிரசிவ் வகை என்றால் கருவி காட்டாது. வரைவு வரிசை எண்ணை 50க்கு மேல் கொடுத்தால் தாள் தெரு வரைபடத்துக்கு மேலே வரும், குறைத்தால் கீழே போகும். திணைக்களத்தின் தாள்களுக்குப் பதிப்புரிமை உண்டு. உங்கள் சொந்தப் பயனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கோப்பைப் பகிர வேண்டாம்.

இங்கே பெரும்பாலானோர் சறுக்குவது ஆள்கூற்று முறையில். பழைய இலங்கைக் கட்டம் கண்டவலை என்ற அளவை ஆதாரத்தில் (டேட்டம்) அமைந்தது, பிதுருதலாகலைக்கு 200,000, 200,000 என்ற மதிப்பு. 1999இன் புதிய கட்டத்தில் அதே மலைக்கு 500,000, 500,000. கியூஜிஐஎஸ்சில் ஆள்கூற்று முறையைத் தெரிவுசெய்யும் குறியீட்டு எண், முதலாவதுக்கு ஈபிஎஸ்ஜி 5234, இரண்டாவதுக்கு 5235. தாளில் எது என்று ஐயமானால் கொழும்புக் கோட்டையின் எண்ணைப் பாருங்கள்: கிழக்கு 98,000 வாக்கிலும் வடக்கு 192,000 வாக்கிலும் இருந்தால் பழையது, 398,000, 492,000 என்றால் புதியது. கட்டத்தை மாற்றிக் கொடுத்தால் தாள் கடலுக்குப் போய்விடும், பிழை உடனே தெரியும். ஆபத்தானது மற்றது: பழைய தாளின் அகலாங்கு நெட்டாங்கை எடுத்து, அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆதாரமான டபிள்யூஜிஎஸ் 84 என்று எண்ணிப் பதிவது. அப்போது எல்லாம் கிழக்கு மேற்காக 200 மீட்டருக்கு மேல் விலகி நிற்கும், பார்வைக்குச் சரிபோலவே தெரியும். ஓர் ஒற்றையடிப்பாதை பள்ளத்தாக்கின் மறுபக்கம் விழ அது போதும். கருவியின் செட்டப்பில் மேப் டேட்டம் பட்டியலில் கண்டவலை இருக்கிறது. பழைய தாளிலிருந்து எண்ணை நேரே தட்டுவதானால் அதைத் தெரிவுசெய்து தட்டி, முடிந்ததும் மறக்காமல் டபிள்யூஜிஎஸ் 84க்குத் திருப்புங்கள்.

தடங்கள் பற்றி ஒன்று. கருவி 2000 இடக்குறியும் 200 தடமும் வைத்துக்கொள்ளும், ஒரு தடத்துக்கு 10,000 புள்ளி. தடங்களைத் தானாகக் காப்பகப்படுத்தும் அமைப்பை நாள்தோறும் என்று வைத்தால், அன்றன்றைய தடம் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரின் ஆர்க்கைவ் பகுதியில் தனித்தனிக் கோப்பாகச் சேரும். களப்பணி அறிக்கைக்கு இது மிகவும் உதவும். ரீசார்ஜ் செய்யும் பற்றரி போட்டால் பற்றரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மட்டக்காட்டி பொய் சொல்லும்: பாதி மின்சாரம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது போலக் காட்டும்.

கொழும்புக்குள் வண்டி ஓட்ட மட்டும் ஒரு வழிகாட்டி வேண்டும் என்றால் இதை வாங்க வேண்டாம். திரை சிறியது, குரல் இல்லை, நெரிசல் தகவல் இல்லை, கோட்டையின் உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் தடம் ஒரு தெரு தள்ளிப் போகும். நகருக்குள்ளும் துல்லியம் வேண்டும் என்பவர்கள் இரண்டு அலைவரிசை வாங்கும் ஜிபிஎஸ்மேப் 65 பக்கம் பார்க்கலாம். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ, ஈட்ரெக்ஸ் சோலார் இரண்டும் பெயரில் நெருக்கம் என்றாலும், வரைபடம் ஏற்ற முடியாதவை. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடும்போது மாடலின் பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள்.